நெற்கதிர் புரோச்

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பிரஷர் 150/90. காலை மாத்திரை மூன்று, இரவு இரண்டு. இட்லி ஒன்றரை.

மதினியை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. பதினான்கு நாள் ஆஸ்பத்திரி வாசம். அனுப்பும்போது டாக்டர், "பிரஷர், சாப்பாடு, பேசுற வார்த்தை எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க" என்றார். பிளவுஸ் அளவு எழுத வாங்கி வைத்த நோட்டு ஒன்று சும்மா கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

எழுதுவதை ஒழுங்காக எழுதிவிடலாம். மதினி பெயர் ரெத்னபாய். வயது அறுபத்தாறு. பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்து ஒன்பது வருஷம். மகன் ஜெபசிங் மஸ்கட்டில் இருக்கிறான். நான் எப்சி, அண்ணனின் ஒரே தங்கை, கல்யாணம் ஆகாதவள். இந்த வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். ஆகஸ்ட் ஆறாம் தேதி, கோயிலில் சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை அன்று, மதினிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் 'அது… அது…' மட்டும் வருகிறது.

எட்டரைக்கு நான் கோயிலுக்குப் புறப்பட்டபோது மதினி நன்றாகத்தான் இருந்தார். ஆராதனை முடிந்து, பந்தியில் சாப்பிட்டு, ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்தால் பீரோ முன்னால் தரையில் கிடக்கிறார். டாக்டரிடம் இதைத்தான் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

140/90. கஞ்சி ஒரு டம்ளர்.

பெண்கள் சங்கத்துக் கிளாடிஸ் அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக ஒரு மூச்சு அழுதுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்சி, நீ மட்டும் இல்லன்னா இவ கதி என்னட்டி ஆயிருக்கும்? பெத்த புள்ள பாப்பானா இப்பிடி?"

"எல்லாரும் செய்யறதுதான்க்கா."

"எவ செய்யுதா? ஏதாவது ஒரு வீட்டக் காட்டு பாப்போம்."

டாக்டர் சொன்னதையும் கேட்டார். சொன்னேன். ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் அடைப்பைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம், பேச்சும் கையும் இவ்வளவு போயிருக்காது என்றார் டாக்டர். "வீட்டுல ஆள் இல்ல, நீங்க என்ன செய்வீங்க, உங்க தப்பு இல்லம்மா" என்றும் சொன்னார். அதைக் கிளாடிஸ் அக்காவிடம் சொல்லும்போது மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மதினியின் வாய் வலது பக்கம் இன்னும் இறங்கித்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தையே கண்ணால் அடக்கிய மனுஷி, வீட்டுக்குள் வந்தால் என்னிடம் வாயைக் கோணிப் பழிப்பு காட்டுவார். வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சண்டையில் எனக்குப் பேச்சு முற்றினால் போதும், உடனே ஒரு பழிப்பு. நானும் விடமாட்டேன். அண்ணன் இருந்தபோது, "ரெண்டு கொரங்கக் கட்டி மேய்க்கேன்" என்பார்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

140/86. இட்லி இரண்டு.

ஆராதனையை டிவியில் பார்க்க உட்கார வைத்தேன். நைட்டியோடு உட்காரமாட்டேன் என்று மதினி தலையை ஆட்டினார். சேலை உடுத்திவிட்டேன். அதுவும் போதவில்லை. இடது கையால் தோளைத் தட்டித் தட்டிக் காட்டினார். புரோச்.

முந்தானையில் குத்தும் அலங்கார ஊசிகள் இருக்கும் புரோச் டப்பாவை எடுத்து வந்தேன். பழைய பிஸ்கட் டின். உள்ளே ஒவ்வொன்றையும் வெள்ளை மல் துணியில் தனித்தனியாகச் சுற்றி வைத்திருப்பார். மதினியின் சட்டதிட்டங்கள் எனக்கு மனப்பாடம். முத்து வைத்ததைத் தண்ணீரில் காட்டக்கூடாது. கல் ஒட்டியதைப் புளியில் ஊறப்போடக்கூடாது. வெள்ளியைப் பல்பொடி தொட்டுத் துடைக்கலாம், தேய்க்கக்கூடாது. கழற்றாமல் சேலையை மடித்து வைப்பவளுக்கு மன்னிப்பே கிடையாது, துரு ஏறினால் பட்டு போச்சு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: "சேலைக்குப் புரோச் தேடுறத ஊரே செய்யும். புரோச்சுக்குச் சேலை தேடணும்ட்டி." காலையில் முதலில் புரோச்சை எடுத்து மேசையில் வைப்பார். அப்புறம்தான் பீரோவைத் திறப்பார்.

இன்று பச்சை எனாமல் இலையைத் தொட்டுக் காட்டினார். சேலை நீலம். இரண்டும் ஒத்துவராது என்று கண்ணாலேயே சொல்லி, சேலையை மாற்ற வைத்துவிட்டார். கைகால் விழுந்தாலும் அதிகாரம் விழவில்லை.

இடது தோளில் குத்த வலது கை வேண்டும். மதினிக்கு இனி அது இல்லை. நான் ஊசியைச் சோப்பில் ஒருமுறை குத்தி எடுத்தேன், பட்டில் வழுக்கிக்கொண்டு போவதற்கு. உள்ளே பிளவுசோடு சேர்த்து ஒரு துண்டுத் துணி வைத்தேன், பாரம் இழுத்துப் பட்டு கிழியாமலிருக்க. என் விரல் தோளில் பட்டபோது மதினி கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஊசி இரண்டு முறை தவறியது. முப்பது வருஷமாக ஊசி பிடிக்கிறேன், இப்படித் தவறியதில்லை.

டப்பாவில் பதினேழு இருக்கின்றன.

ஆகஸ்ட் 28, திங்கள்

136/84. சரியாகத் தூங்கவில்லை. மதினி அல்ல, நான்.

செப்டம்பர் 4, திங்கள்

பேச்சுப் பயிற்சிக்குப் பர்வீன் என்ற பெண் வந்தாள். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறாள். வாரம் மூன்று நாள். ஆப்பிள், நாற்காலி, பூனை என்று படங்களைக் காட்டினாள். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டுவதைத் தலைமையாசிரியைக்குக் காட்டினால் திருப்பத்தானே செய்வார்.

"அத்தே, இவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சாமான் ஏதாச்சும் வீட்ல இருக்கா? படத்த விட அது சீக்கிரம் பேச வைக்கும்" என்றாள் பர்வீன்.

நான் யோசிப்பதுபோல் நின்றேன். மதினி இடது கையை நீட்டி டப்பாவைக் காட்டிவிட்டார்.

செப்டம்பர் 9, சனி

130/84.

'இலை' என்றார்!

பர்வீன் எனாமல் புரோச்சை உள்ளங்கையில் வைத்து, "இ… இ…" என்று தொடங்கிக் கொடுத்தாள். மதினியின் நெற்றியெல்லாம் வேர்த்தது. பிறகு "இலை" என்று வந்தது. முழு வார்த்தை. பர்வீன் கைதட்டினாள். எனக்கு அழுகை வந்தது. மஸ்கட்டுக்கு வீடியோ போட்டுக் காட்டினோம். ஜெபசிங் அழுதான். "அத்தை, நீங்க எங்க அம்மாவுக்கு ரெண்டாவது உயிர் குடுத்திருக்கீங்க" என்றான்.

"இன்னும் மூணு மாசத்துல நல்லா பேசிருவாங்க பாருங்க. நடந்ததெல்லாம் அவங்களே சொல்லுவாங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள் பர்வீன்.

சந்தோஷமான செய்திதான்.

செப்டம்பர் 13, புதன்

பர்வீனுக்குப் போன் செய்து, மதினிக்குக் காய்ச்சல், இன்று வரவேண்டாம் என்றேன்.

மதினிக்குக் காய்ச்சல் இல்லை. எனக்குத் தைக்கும் வேலை அதிகம், அதனால்தான். மதினி பதினொரு மணி வரைக்கும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 14, வியாழன்

நேற்று மூன்று பிளவுஸ்தான் இருந்தது. வேலை அதிகம் என்று எழுதியது பொய்.

செப்டம்பர் 24, ஞாயிறு

130/80. தோசை இரண்டு. சொன்ன வார்த்தைகள்: இலை, மீன், வயலின், விளக்கு, தண்ணி, போதும், எப்சி.

என் பெயரைச் சொன்னதை முதலில் எழுதியிருக்க வேண்டும். கடைசியில் எழுதியிருக்கிறேன்.

புரோச்சுகளைக் கட்டிலில் பரப்பி இடது கைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். திரும்ப எண்ணினார். "இல்ல" என்றார். விரலால் காற்றில் நீளமாக, நுனியில் வளைந்து தொங்குவதுபோல் ஒரு கோடு போட்டார். "ஒண்ணு… இல்ல."

"எல்லாம் இருக்கே மதினி. பதினேழும் சரியா இருக்கு."

மதினி என்னைப் பார்த்த பார்வை, வீட்டுப்பாடம் எழுதாமல் நோட்டைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி இருந்தது. வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. நான் தேடுகிற பாவனையில் தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுக் கூட்டினேன். வெட்கம்கெட்ட கூத்து.

செப்டம்பர் 25, திங்கள்

பர்வீனும் கேட்டாள். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுன அவசரத்துல எங்கயாவது விழுந்திருக்கும்" என்றேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு போகுமாம்.

அக்டோபர் 2, திங்கள்

மதினி தூங்கிக்கொண்டிருந்த மத்தியானம் மெஷின் டிராயரைத் திறந்தேன். பாபின்களுக்கு அடியில், ஒரு பிளவுஸ் வெட்டுத் துணியில் சுற்றி இருக்கிறது. நெற்கதிர் புரோச். வெள்ளியில் ஒரு கதிர், மணிக்குப் பதிலாகக் கடுகளவு முத்துகள். அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. வருஷத்தில் ஒரே ஒரு நாள், அசனப் பண்டிகைக்கு மட்டும்தான் மதினி இதைக் குத்துவார்.

அன்று மதினியைத் தரையிலிருந்து தூக்கியபோது இது அவர் உடம்புக்கு அடியில் கிடந்தது. ஊசி வளைந்திருந்தது. எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த அமளியில் எனக்கு அதைச் செய்ய எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. இதைப் பார்த்தால் மதினிக்கு அந்தக் காலை ஞாபகம் வந்துவிடும் என்று பிறகு டிராயரில் வைத்தேன்.

வெள்ளி கறுக்கத் தொடங்கியிருந்தது. முத்தில் படாமல் பல்பொடியைத் துணி நுனியில் தொட்டுத் துடைத்தேன். வளைந்த ஊசியைச் சின்னக் குறடால் நிமிர்த்தினேன். சரியாக நிமிரவில்லை. மறுபடி சுற்றி அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

128/80.

கிளாடிஸ் அக்கா வந்தார். நவம்பர் ஐந்தாம் தேதி சங்கத்து ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். 'சேவையில் சிறந்த சகோதரி.'

"எனக்கு வேண்டாம்க்கா. கையெடுத்துக் கும்பிடுதேன், வேண்டாம்."

"பாத்தியளா ரெத்னம், எவ்வளவு தாழ்மை! இதுக்குத்தான்ட்டி ஒனக்குப் போத்தணும்ங்கோம்."

இதற்குமேல் என்ன சொல்ல? வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என் மவுசு ஏறுகிறது. மதினி சிரித்தார். இப்போது வாய் அவ்வளவு கோணவில்லை. "போர்த்து… நல்லா… போர்த்து" என்றார் கிளாடிஸ் அக்காவிடம்.

அக்டோபர் 22, ஞாயிறு

128/82.

மதினி இன்று கேட்டுவிட்டார். தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு வசதியான வேலை அது.

"எப்சி… அன்னைக்கு… என்ன ஆச்சு?"

"என்னைக்கு மதினி?"

"விழுந்த… அன்னைக்கு. எனக்கு… ஞாபகம் இல்ல. ஒண்ணும்… இல்ல. நீ… எங்க?"

"கோயிலுக்குப் போயிருந்தேன்."

"ஓ" என்றார். நான் பின்னலைப் போட்டு முடித்தேன்.

இரண்டரை மாதமாக எதற்குப் பயந்தேனோ அது நடக்கப்போவதில்லை. மதினிக்கு ஞாபகம் இல்லை. அந்தக் காலையைப் பார்த்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவருக்கு மறந்துவிட்டது. நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. மதினி ஒருநாள் சொல்லிவிடுவார், அன்று என் பாடு தீர்ந்துவிடும் என்று எனக்குள் ஒரு பக்கம் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது போல. இனி யாரும் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 23, திங்கள்

இன்று பிரஷர் எழுதவில்லை. அன்று நடந்ததை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் ஆறு, காலை. நான் அரக்குப் பட்டு உடுத்திக்கொண்டு மதினி அறைக்குப் போனேன். "மதினி, இந்த வருசம் ஒரு தடவ கதிர் புரோச்ச நான் குத்திக்கிடட்டுமா?" என்று கேட்டேன். பல வருஷ ஆசை. மதினி கண்ணாடியிலிருந்து திரும்பாமலே, "ஒன் சேலைக்கு அது எடுக்காதுட்டி" என்றார். அரக்கில் வெள்ளி எப்படி எடுக்கும் என்று தையல்காரி எனக்குத் தெரியாதா? கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான். கொடுக்காமலிருக்க அவருக்கு உரிமையும் உண்டு, புருஷன் வாங்கிக் கொடுத்தது. அதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. முன்னறைக்குப் போய் ஒரு ஊக்கை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டேன்.

"எப்சி" என்று கூப்பிட்டார். போனேன். கதிர் புரோச் தரையில் கிடந்தது. குனிந்து எடுத்தார், மறுபடியும் கையிலிருந்து விழுந்தது.

"இத ஒண்ணு குத்தி விடுட்டி. கை ஓட மாட்டக்கு" என்றார். குரல் வாய்க்குள் சோறு வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது.

"எனக்குக் குடுக்காத புரோச்ச நான் எதுக்குக் குத்தணும்? ஒங்க கையே குத்தட்டும்" என்றேன்.

மதினி என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பழிப்பு காட்டுகிறார் என்று நினைத்தேன். கேட்டதைக் கொடுக்காததோடு பழிப்பு வேறா என்று பற்றிக்கொண்டு வந்தது. நானும் என் வாயை நன்றாகக் கோணி, நாக்கையும் நீட்டிப் பழிப்பு காட்டிவிட்டு வெளியே வந்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டேகால். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது 'அது… அது…' என்று உள்ளே சத்தம் கேட்டது. கேட்டது. கேட்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோயிலில் கிளாடிஸ் அக்கா, "மதினி எங்கட்டி?" என்று கேட்டார். "கோவத்துல இருக்காவ, வரமாட்டாவ" என்றேன். முதல் பந்தியில் இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் பந்தி வரைக்கும் நின்றேன். கறிக்குழம்பு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மதினிக்கு ஒரு தூக்கில் வாங்கிக்கொண்டு, வரும் வழியில் இரண்டு பேரோடு நின்று பேசிவிட்டு வந்தேன். வாயைக் கோணிய மனுஷியிடம் ஒரு நிமிஷம் நின்று, "என்ன மதினி?" என்று கேட்டிருந்தால் ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்திருப்போம்.

இவ்வளவுதான் நடந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஆராதனைக்கு முன்னால், சேலை உடுத்திவிட்டு, கதிர் புரோச்சை எடுத்துவந்து மடியில் வைத்தேன். மதினி முகம் மலர்ந்தது. "கதிர்! எங்க… கெடந்தது?" என்றார். அந்த மலர்ச்சியோடு விட்டுவிடலாமா என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது. தரையில் உட்கார்ந்து, எழுதியதை எழுதிய வரிசையிலேயே சொன்னேன். பழிப்பு காட்டியதையும் சொன்னேன். கறிக்குழம்பையும் சொன்னேன்.

மதினி இடது கையால் வாயின் வலது ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "எத்தன… மணி?" என்றார்.

"எட்டேகால்."

"எட்டேகால்" என்றார். திக்காமல், திணறாமல், பள்ளிக்கூடத்தில் மணி சொல்வதுபோல் வந்தது. இந்த மூன்று மாதத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை வரவில்லை.

"மதினி, என்னய ரெண்டு திட்டாவது திட்டுங்க."

திட்டவில்லை. நான் எழுந்து புரோச்சைக் குத்திவிடப் போனேன். மதினி தோளை இடது கையால் மூடிக்கொண்டார்.

அக்டோபர் 31, செவ்வாய்

130/84. சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுகிறார். மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொள்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பர்வீனிடம் பேசுகிறார்.

நவம்பர் 2, வியாழன்

கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். மதினி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, முந்தானை மடிப்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடது கையாலேயே இடது தோளில் இலை புரோச்சைக் குத்தப் பார்த்தார். எட்டவில்லை. மணிக்கட்டை வளைத்து மறுபடி முயன்றார். ஊசி விரலில் ஏறி ரத்தம் சேலையில் சொட்டியது. நான் உள்ளே போகக் காலை எடுத்து வைத்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் அப்படியே நின்றேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, புரோச்சை மல் துணியில் சுற்றி வைத்தார். ஒற்றைக் கையால் சுற்ற ரொம்ப நேரம் ஆனது.

நவம்பர் 4, சனி

மத்தியானம் கிளாடிஸ் அக்காவுக்குப் போன் செய்து பொன்னாடை வேண்டாம் என்றேன். "சும்மா கெட, அழைப்பிதழ்லயே ஒன் பேர் போட்டாச்சு" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஜெபசிங் வீடியோவில் வந்தான். மதினி கையில் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றேன். அங்கிருந்து எல்லாம் கேட்கும். கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். எந்தக் கட்டை எடுத்தேன், எதை ஆய்ந்தேன் என்று தெரியாது.

"அம்மா, நாளைக்கு அத்தைக்குப் பொன்னாடையாமே! கிளாடிஸ் ஆன்ட்டி மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. நான் பக்கத்துல இருந்திருந்தா நானே ஒண்ணு போத்தியிருப்பேன்."

நான் கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

"ஏம்மா பேச மாட்டேங்கிறீங்க? உடம்பு சரியில்லையா? அத்தை எங்க?"

மதினி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன். அவர் வாயால் வந்தால், நான் தலையைக் குனிந்து நின்றால் போதும்.

"எப்சி" என்று கூப்பிட்டார். ஆறு நாளில் முதல் தடவை. கையைக்கூடக் கழுவாமல் போனேன்.

மதினி என்னைப் பார்த்துவிட்டு மகனிடம் திரும்பினார். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"அன்னைக்கு… என்ன நடந்ததுன்னு… எப்சி சொல்லுவா. நீ… கேளு."

போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கும்வரை நீட்டியபடியே இருந்தார்.

"என்ன அத்தை?" என்று ஜெபசிங் சிரித்தான்.

கட்டிலின் ஓரத்தில் மதினி பக்கத்தில் உட்கார்ந்தேன். "தம்பி, டாக்டர்ட்ட நான் பொய் சொல்லிட்டேன். எட்டேகாலுக்கே உங்கம்மா என்னயக் கூப்பிட்டாவ" என்று தொடங்கினேன்.